காரைக்குடிக்குத் திரும்பி வந்தாயிற்று, ஒரு வாரக் குப்பையைப் பார்த்து மலைத்துப்போய் நிற்கிறேன்

வளவு வீட்டுக்காரன் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். பதினோரு வருஷம் சென்னையில் அடுக்குமாடி வீட்டில் இருந்துவிட்டு, போன சித்திரையில்தான் காரைக்குடிக்குக் குடி வந்தோம். ஐயாவின் ஐயா கட்டிய வீடு. எங்கள் பங்குக்கு வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய கட்டில், இரண்டு அறையும், அதற்குப் பின்னால் மூன்றாங்கட்டில் அடுப்படியும். நான், மனைவி, ஆறு வயது மகள், ஆத்தா, நாலு பேர்தான்.

சென்னையில் இருந்தவரை, கதவுக்கு வெளியே வைத்தால் குப்பை காணாமல் போய்விடும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். இங்கே தெருக்கோடியில் ஒரு காலி மனை இருக்கிறது. சாயங்காலம் ஆனால் யாராவது அங்கே தீ வைக்கிறார்கள், புகை நேரே எங்கள் முற்றத்தில் இறங்கி வீடு முழுக்க நிற்கிறது, ஆத்தாவுக்கு இருமல் ராத்திரி வரை அடங்குவதில்லை. சண்டை போடலாம் என்றுதான் ஒருநாள் போனேன். போய்ப் பார்த்தால் பாதி உருகிக் கிடந்தது நாங்கள் வாங்குகிற அதே பால் கவர். அப்புறம் யாரிடம் போய்ச் சண்டை போட?

அதனால் ஏழு நாள் குப்பையை வெளியே போடாமல் சேர்த்துவைத்து, கழுவிக் காயவைத்து, ஞாயிற்றுக்கிழமை மூன்றாங்கட்டில் பேப்பர் விரித்துப் பரப்பினேன். மகள்தான் எண்ணினாள். பால் கவர் 16. காய், பழம், மீன் வாங்கி வந்த மெல்லிய கேரி பை 23, அதுவும் 2019 ஜனவரியிலேயே அரசு தடை செய்த பை. பார்சலில் வந்த சாம்பார், சட்னி, சால்னா பொட்டலம் 14. ஷாம்பு சாஷே 9. தண்ணீர் பாட்டில் 5. ஈரக்குப்பை தனியாக இரண்டு வாளி. நாலு பேர் வீட்டில், ஒரே வாரத்தில்!

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. குடிக்க வாரம் நாலு கேன் தண்ணீர் வாங்குகிறோம், அது தேவையா? ஈரக்குப்பையை வீட்டிலேயே மட்க வைத்தால் நாறுமா? இன்னொன்று, எங்கள் பகுதியில் மேலே ஓடு பழசாகிவிட்டது, அதை எடுத்துவிட்டு கான்கிரீட் போட்டு இரண்டு அறைக்கும் ஏசி வைத்துவிடலாம் என்கிறான் தம்பி, எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் பதில் சொல்லவும் தெரியவில்லை. தை மாதம் பெரியப்பாவுக்கு சாந்தி (அறுபதாம் கல்யாணம்) வேறு வருகிறது, முந்நூறு பேருக்குச் சாப்பாடு. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

தேவகோட்டை ஆச்சி

தம்பி, முதலில் ஒன்று. இயற்கைக்கு நல்லது என்று எழுதி விற்கிற எதையும் புதிதாக வாங்கிவிடாதீர்கள். ஆத்தாவுக்குச் சீர் வைத்த சாமான் எந்த அறையில் பூட்டிக் கிடக்கிறது என்று கேளுங்கள். தூக்குவாளி மட்டுமே ஐந்தாறு அளவில் இருக்கும், மூடி போட்ட எவர்சில்வர் டப்பா இருக்கும், கொட்டான் இருக்கும். அதில் நாலே நாலு சாமானை எடுத்துக் கழுவி, வாசலுக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டுங்கள். அடுப்படி அலமாரியில் வைத்தால் எடுக்க மாட்டீர்கள். நான் இரண்டு வருஷம் அப்படித்தான், கடைக்குப் போன பிறகு தூக்கு ஞாபகம் வரும்.

கடையில் ஒரு பழக்கம் வேண்டும். பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டுத்தான் என்ன வேண்டும் என்றே சொல்ல வேண்டும். "நாலு புரோட்டா" என்று சொல்லிவிட்டுப் பையைத் திறந்தீர்களானால் அதற்குள் சால்னாவைக் கவரில் ஊற்றி முடிச்சே போட்டிருப்பார், அவர் கை வேகம் அப்படி. எங்கள் தெருமுனைக் கடைக்காரர் முதல் வாரம் முகம் சுளித்தார். கூட்ட நேரத்தில் அவருக்குச் சிரமம்தான், அதனால் ஏழு மணிக்கு முன்னாலேயே போய்விடுவேன். இப்போது என் தூக்கைப் பார்த்தாலே ஒரு கரண்டி கூட ஊற்றுகிறார். புரோட்டாவை வாழை இலையில் வைத்துப் பேப்பரில் மடித்துத் தருகிறார்.

மீனுக்கு மூடி டப்பா. காய்க்கு மஞ்சப்பை. தக்காளி, கத்தரிக்காய் மாதிரி நசுங்குகிறதற்குக் கொட்டான். பனை ஓலையில் முடைந்தது, ஈரம் படாமல் பார்த்துக்கொண்டால் வருஷக்கணக்கில் உழைக்கும். நனைந்துவிட்டால் வெயிலில் காயவைத்துத்தான் உள்ளே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது, இந்தப் பக்கத்துப் பெண்கள் இன்றைக்கும் முடைகிறார்கள், வாங்கினால் அவர்களிடமே வாங்குங்கள்.

பாலுக்கு எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி மாடு வைத்திருக்கிறார்கள், காலையில் ஆறு மணிக்குத் தூக்கோடு போனால் கறந்த பால். மாடு வற்றும்போது மறுபடி கவர் பால்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. கவரை வெட்டும்போது மூலைத் துண்டு தனியாக விழாமல், ஒட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி வெட்டுங்கள். அந்தச் சின்னத் துண்டுதான் சாக்கடைக்குள் போகிறது, யாராலும் பொறுக்க முடியாது. கவரைக் கழுவிக் காயவைத்துச் சேர்த்தால் பழைய பேப்பர் கடையில் எடை போட்டு எடுத்துக்கொள்கிறார்கள்.

சாஷேயை நிறுத்துங்கள். சீயக்காய், பச்சைப்பயறு, வெந்தயம், செம்பருத்தி இலை காயவைத்து மில்லில் கொடுத்தால் ஆறு மாதத்துக்கு வரும். மருமகளுக்குச் சீயக்காய் பிடிக்காவிட்டால் பெரிய பாட்டிலாக வாங்கிக்கொள்ளட்டும், அதற்காக வீட்டில் வம்பு வேண்டாம்.

சுண்ணாம்புக் கொத்தனார் மகன்

ஓடு விஷயத்தில் தம்பியை எப்படியாவது நிறுத்துங்கள் அண்ணே. கான்கிரீட் போட்டுவிட்டுப் பிற்பாடு வருத்தப்பட்ட மூன்று வீட்டில் நானே வேலை பார்த்திருக்கிறேன்.

நாட்டு ஓடு அடுக்கடுக்காக மேய்ந்தது. இடையில் காற்று நிற்கிறது, ஓட்டின் சூடு அப்படியே கீழே இறங்காது, முன்னிரவிலேயே ஆறிவிடும். கான்கிரீட் பகல் முழுக்கக் குடித்த வெயிலை ராத்திரி பத்து மணிக்கு மேல் உங்கள் தலையில் இறக்கும், பிறகு ஏசி இல்லாமல் தூங்கவே முடியாது. முற்றத்தில் சூடான காற்று மேலே போகப் போக, முகப்பிலிருந்து மூன்றாங்கட்டு வரை நேர்க்கோட்டில் இருக்கிற கதவுகள் வழியாகக் காற்று இழுபடும். பாதி வீட்டில் அந்த நடுக்கதவுகளுக்குப் பின்னால் பீரோவை வைத்து அடைத்திருக்கிறார்கள்! உங்கள் வீட்டிலும் அப்படி இருந்தால் முதலில் பீரோவை நகர்த்துங்கள், பைசா செலவில்லை.

பழைய ஓடு முழுவதும் வீணாகியிருக்காது. பிரித்து, தட்டிப் பார்த்து, கணீரென்று சத்தம் வருகிறதை வைத்துக்கொண்டு, உடைந்ததற்கு மட்டும் வேறு ஓடு வாங்கி மேய்ந்தால் போதும். இடித்த வீட்டு ஓடு இந்தப் பக்கம் கிடைக்கும். குரங்குத் தொல்லை இருந்தால் வருஷம் ஒருமுறை ஆளை ஏற்றிச் சரிசெய்ய வேண்டும், அந்தச் செலவு உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

சுவர் சுண்ணாம்புச் சுவர்தானே? அதன்மேல் சிமெண்ட் பூசாதீர்கள், பெயிண்ட் அடிக்காதீர்கள். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளியே விடும், மேலே சிமெண்ட் போட்டு அடைத்தால் ஈரம் உள்ளேயே நின்று இரண்டு மழையில் பொரிந்து விழும். அந்தக் காலத்தில் கிளிஞ்சல் சுண்ணாம்பு, கடுக்காய், பனைவெல்லம், முட்டை வெள்ளைக்கரு என்று சேர்த்து இழைத்தது, கையை வைத்தால் இன்றைக்கும் கண்ணாடி மாதிரி வழுக்குகிறது.

தரை ஆத்தங்குடிக் கல்லாக இருந்தால் ஆசிட், ப்ளீச்சிங் பக்கமே போகாதீர்கள். அது சூளையில் சுட்ட கல் இல்லை. கண்ணாடிமேல் வண்ணக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. ஆசிட் பட்டால் அந்தப் பளபளப்பு போனது போனதுதான். வெறும் தண்ணீரில் துடையுங்கள், எப்போதாவது வாளித் தண்ணீரில் சில சொட்டு தேங்காய் எண்ணெய். கால் பட்டுப் பட்டுத்தான் அது மினுங்கும். வழித்தெடுத்துவிட்டு வெள்ளை டைல்ஸ் போட்டவர்களை என்னவென்று சொல்வது, எனக்கு வயிறு எரிகிறது.

ஃபேன் மாற்றுங்கள், அதில் கணக்கு உண்டு. பழைய ஃபேன் 75 வாட், மின்சாரம் குறைவாக எடுக்கிற புது பிஎல்டிசி ஃபேன் 30 வாட். தினம் 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு ஒரு ஃபேனில் மட்டும் 40 யூனிட் மிச்சம். இலவச யூனிட் போக மீதிக்குத்தானே காசு.

பள்ளத்தூர் மாடித்தோட்டம்

ஈரக்குப்பைக்கு நான் சொல்கிறேன். நாறும், தப்பாகச் செய்தால் கண்டிப்பாக நாறும். எனக்கு முதல் தொட்டி அப்படி நாறி, பக்கத்து வீட்டு அயித்தை சத்தம் போட்டு, எடுத்துக் குழியில் கொட்டினேன். தப்பு என்ன என்றால் காய்த்தோலை மட்டும் போட்டுக்கொண்டே போனேன், காய்ந்தது எதுவும் சேர்க்கவில்லை.

இரண்டு மண் தொட்டி வாங்கிப் பக்கவாட்டில் நாலைந்து ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள். அடியில் தேங்காய் மட்டை. ஒரு கை காய்த்தோல் போட்டால் இரண்டு கை காய்ந்த சருகு, வேப்பிலை, பூவரசு எது கிடைத்தாலும் சரி. முதல் தடவை மட்டும் கொஞ்சம் புளித்த மோரோ பழைய உரமோ தெளியுங்கள். மழை படாமல் மூடிவையுங்கள். கையில் எடுத்துப் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. புளித்த வாடை வந்தால் சருகு போதவில்லை என்று அர்த்தம், போட்டுக் கிளறிவிட்டால் இரண்டு நாளில் அடங்கும். தடிப்பாகப் பழுப்புப் புழு வரும், பயப்படாதீர்கள், அது பாட்டுக்குத் தின்று தீர்த்துவிட்டுப் போய்விடும். ஒரு தொட்டி நிறைந்ததும் அதை மூடிவிட்டு அடுத்தது. இரண்டு மாதத்தில் கறுப்பாக, மழை பெய்த மண் வாசனையோடு உரம் கிடைக்கும். நம் பக்கத்துச் சமையலில் கறி மீன் இல்லாத வாரம் ஏது, அந்த எலும்பையும் முள்ளையும் மட்டும் தொட்டியில் போடாதீர்கள், எலியும் பூனையும் வந்துவிடும். கொல்லையில் ஒன்றரை அடி ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்து மேலே ஒரு முருங்கையோ வாழையோ வைத்துவிடுங்கள்.

அப்புறம் கேன் தண்ணீர். வாங்குவதற்கு முன்னால் உங்கள் குழாய்த் தண்ணீரை ஒருதரம் சோதித்துப் பார்த்தீர்களா? தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பைக் காட்டுகிற டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்தான், தெருவுக்கே ஒன்று போதும். இந்தியத் தர அளவுப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் உப்பு இருந்தால் குடிக்க ஏற்றது. சம்பை ஊற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த ஊர் காரைக்குடி, அங்கே இருந்துகொண்டு எல்லாரும் கேனைத் தேடுகிறோம். மீட்டரில் உப்பு மட்டும்தான் தெரியும், கிருமி தெரியாது, அதனால் கொதிக்கவைத்து ஆறவைத்தே குடியுங்கள். ஆத்தாவும் குழந்தையும் இருப்பதால் ஒரு தடவை முறையான ஆய்வகத்திலும் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். உப்பு ரொம்ப அதிகமாக இருந்து ஆர்ஓ என்கிற உப்பு நீக்கும் மெஷின் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், அது ஒரு லிட்டர் கொடுக்க இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளும். அந்தக் குழாயின் கீழே வாளியை வைத்து வீடு துடைக்க, கக்கூஸுக்கு ஊற்ற வைத்துக்கொள்ளலாம்.

ஊரணிக்கரை

எல்லாரும் நல்லதாகத்தான் சொல்கிறீர்கள், நான் கொஞ்சம் வேறு பக்கம் இழுக்கிறேன். தூக்குவாளி சரி, தொட்டி சரி, ஆனால் நம் ஊர் வற்றாத ஆறு இல்லாத சீமை. மழை ஒன்றுதான், அதுவும் ஐப்பசி கார்த்திகையில் கொட்டுகிறதுதான் பெரும்பங்கு. அதை நம்பித்தான் ஊருக்கு ஊர் ஊரணி வெட்டி, குடிக்க ஒன்று குளிக்க ஒன்று என்று பிரித்து, தெருவின் சரிவையே அதற்குத் தகுந்த மாதிரி அமைத்தார்கள். முற்றத்தில் விழுந்தது போக மீதி, தெருவில் ஓடி, வரத்துக்கால் வழியாக ஊரணிக்குப் போகும். ஊரணி நிறைந்தால் சுற்றியுள்ள கிணறு ஊறும். இப்போது வரத்துக்காலின்மேல் வீடு, கடை, தார் ரோடு. ஊரணியைச் சுற்றி நடைபாதை போட்டு விளக்குப் போட்டால் ஆயிற்றா? தண்ணீர் வருகிற வழி எங்கே?

எங்கள் ஊர் புதுவயல் பக்கம். மூன்று வருஷமாக மழை பெய்தும் ஊரணியில் முழங்கால் தண்ணீர்தான். ஒரு கார்த்திகையில் நல்ல மழையில் நானும் இரண்டு பையன்களும் குடையோடு வரத்துக்காலைப் பிடித்து மேலே நடந்தே போனோம். தண்ணீர் எங்கே திரும்புகிறது என்று மழையில்தான் தெரியும், வெயிலில் போனால் எல்லாம் பள்ளமும் மேடும்தான். முக்கால் மைல் போனதும் ரோட்டுக்கு அடியில் ஒரு குழாய்ப் பாலம். உள்ளே மண் இல்லை, கல் இல்லை. கேரி பை, பால் கவர், தெர்மாகோல் தட்டு, வலை மாதிரி பின்னிப் போய், அதன்மேல் கருவேல முள் வந்து சிக்கி, அணை கட்டினாற்போல் தண்ணீர் அந்தப் பக்கம் வயலில் நிற்கிறது. கையால் இழுத்தோம், வரவில்லை. மறுநாள் கொக்கி வைத்துப் பிடுங்கினோம். பிடுங்கிய இரண்டு மணி நேரத்தில் ஊரணி மடையில் செம்மண் தண்ணீர் சலசலவென்று இறங்கியது, கரையில் நின்ற கிழவர் ஒருத்தர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

அதனால் ஆச்சி சொன்ன பால் கவர் மூலைத் துண்டைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள், நான் கொக்கியில் பிடுங்கியது அதைத்தான்.

அண்ணன் செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, உங்கள் முற்றத்துத் தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள். ஆயிரம் சதுர அடி ஓட்டில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 900 லிட்டர் இறங்கும். முதல் மழையில் ஓட்டைக் கழுவ விட்டுவிட்டு, அடுத்த மழையிலிருந்து மூலைக்கு ஒரு அண்டா வைத்து, வாயில் வெள்ளைத்துணி கட்டிப் பிடியுங்கள். மீதியைச் சாக்கடைக்கு விடாமல் கிணற்றுக்கோ உறைக்குழிக்கோ திருப்புங்கள். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்து எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம், பல வீட்டில் அது ஒரு குழாயை மண்ணில் செருகியதோடு நிற்கிறது. இரண்டு, உங்கள் வார்டு ஊரணிக்கு வரத்துக்கால் எது என்று கேட்டு எழுதிவைத்துக் கவுன்சிலரிடம் கொடுங்கள். கிராமத்தில் இருப்பவர்கள் கிராம சபையில் எழுதிக் கொடுக்கலாம், வருஷத்துக்கு ஆறு தடவை நடக்கிறது, அதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். எங்கள் ஊரில் ஒன்றரை வருஷம் அலைந்து அந்தக் குழாயைப் பெரிதாக்கினோம்.

பந்தி மேற்பார்வை

சாந்திக்கு நான் சொல்கிறேன். வாழை இலை இருக்கிறவரை சாப்பாட்டில் பிரச்சினையே இல்லை, ஆனால் இலை மாதிரி அச்சடித்த பேப்பர் இலையைச் சமையல்காரர் இறக்கிவிடுவார், மேலே பிளாஸ்டிக் பூச்சு, மாடும் தின்ன முடியாது, மட்காது. முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். டிஃபனுக்குப் பாக்குமட்டைத் தட்டு.

குப்பை மலைபோல் குவிவது தண்ணீர் பாட்டிலில்தான். முந்நூறு பேர், இரண்டு வேளை, ஆளுக்கு இரண்டு என்று வைத்தாலும் 1200 பாட்டில், பாதித் தண்ணீரோடு நாற்காலிக்கடியில் கிடக்கும். எவர்சில்வர் டம்ளரும் செம்பும் உங்கள் சாமான் அறையில் நூற்றுக்கணக்கில் இருக்கும். கழுவ இரண்டு ஆள் கூடுதலாக வேண்டும், அந்தக் கூலி பாட்டில் காசுக்குள் அடங்கிவிடும். பித்தளைப் பாத்திரத்தைச் சமைக்க எடுத்தால் உள்ளே ஈயப்பூச்சு (வெள்ளீயம்) இருக்கிறதா பாருங்கள், இல்லாமல் புளி சேர்த்த குழம்பு வைக்கக் கூடாது. பூசுகிறவர்கள் இப்போது அருகிவிட்டார்கள், மார்கழிக்கு முன்னாலேயே சொல்லிவையுங்கள்.

தாம்பூலத்துக்குச் சின்னக் கொட்டான் கொடுங்கள். முந்நூறு என்றால் முடைய நாள் பிடிக்கும், இப்போதே சொன்னால்தான் தைக்குக் கைக்கு வரும்.

வளவு வீட்டுக்காரன்

இரண்டு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். செய்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நடுக்கதவில் நிஜமாகவே பீரோ இருந்தது! நகர்த்திவிட்டோம். மத்தியானம் பட்டாலைக் கூடத்தில் படுத்தால் காற்று காலிலிருந்து தலைக்குப் போவது தெரிகிறது, தம்பி வந்து அங்கேயே பாய் போட்டுத் தூங்கி எழுந்துவிட்டு, சரி ஓட்டையே மாற்றி மேய்வோம் என்று சொல்லிவிட்டான். தூக்கும் டப்பாவும் வாசல் ஆணியில். குழாய்த் தண்ணீர் சோதனையில் தேறிவிட்டது, கேன் நின்றுபோய் ஆறு வாரம். தொட்டி ஒருமுறை நாறியது, சருகு போட்டதும் அடங்கியது. போன ஞாயிறு மறுபடி பேப்பர் விரித்து எண்ணினோம். கேரி பை 4, பொட்டலம் 2, சாஷே இல்லை, தண்ணீர் பாட்டில் 1. பால் கவர் மட்டும் இன்னும் 14, பக்கத்தில் மாடு வைத்திருப்பவர்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன். காலி மனையில் தீ இன்னும் நிற்கவில்லை. நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து மாநகராட்சியில் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

ஐப்பசி மழையில் முற்றத்து மூலையில் அண்டா வைத்தோம். பத்து நிமிஷத்தில் நிறைந்து வழிந்தது. மகள் ஒரு டம்ளர் மொண்டு ஆத்தாவிடம் கொடுத்தாள், ஆத்தா வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, இந்தத் தண்ணீரில் பருப்புப் போட்டால் ஒரே கொதியில் வெந்துவிடும் என்று சொல்லி அப்போதே அடுப்பில் வைத்தார்கள். உண்மைதான், வெந்தது.

சாமான் அறைதான் இன்னும் திறக்கவில்லை. மூன்று பூட்டு, மூன்று பங்காளி. ஒரு சாவி மலேசியாவில் இருக்கிறது, கார்த்திகையில் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கொட்டானுக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன், முந்நூற்றைம்பது. ஈயம் பூசுகிறவர் யாராவது காரைக்குடிப் பக்கம் தெரிந்தால் எந்தத் தெரு என்று மட்டும் சொல்லுங்கள், நேரில் போய்ப் பார்த்துக்கொள்கிறேன்.